பாட்டியாத்தோவின் 1981 ஆல்பம்: நியூ வேவா, பாப்பா, உளறலா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. எண்பதுகளின் தொடக்கத்து இத்தாலியப் பாப், நியூ வேவ் (பங்க் ராக்குக்குப் பின்னால் வந்த, மின்னணு ஒலி கலந்த பாணி) என்று தேடினால் பாடகர் ஃபிராங்கோ பாட்டியாத்தோவின் ‘லா வோச்சே தெல் பத்ரோனே’ ஆல்பம்தான் முதலில் வந்து நிற்கிறது. கேட்டுப் பார்த்தீர்கள், மெட்டு மண்டையை விட்டுப் போகவில்லை. வரிகளை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் மட்டும் பிரெட்டன் கிழவி, மாசிடோனியக் கடத்தல்காரர்கள், பெய்ஜிங் தெரு, உலர் திராட்சை என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இது நியூ வேவ்தானா, இந்த வரிகளுக்குப் பொருள் இருக்கிறதா, இல்லை ஆள் நம்மை வைத்து விளையாடுகிறாரா? இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் ஒன்றுக்குப் பதில் கிடைத்தால் மற்றதும் தெளிந்துவிடும்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்சிங் வேலை செய்பவன். இத்தாலிய மொழி வளர்ந்த பிறகு படித்துக் கற்றது. அதனால் இந்த ஆல்பம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். வரிகளைப் பொறுத்தவரை நான் இலக்கியக்காரன் இல்லை. எதற்குச் சான்று இருக்கிறது, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் சந்தேகமில்லாத விவரங்கள். 1981 செப்டம்பரில் இ.எம்.ஐ. இத்தாலியானா என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. மொத்தம் ஏழே பாட்டு, அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். வரிகள் பாட்டியாத்தோ, இசை பாட்டியாத்தோவும் வயலின் கலைஞர் ஜூஸ்தோ பியோவும். தயாரிப்பு ஆஞ்சலோ கர்ராரா. கித்தார் ஆல்பெர்த்தோ ராதியுஸ், கீபோர்டு ஃபிலிப்போ தெஸ்த்ரியேரி, டிரம்ஸ் ஆல்ஃப்ரெதோ கோலினோ. மிலானில் ராதியுஸின் சொந்த ஸ்டூடியோவில்தான் பதிவு நடந்தது. கோரஸுக்கு வந்தவர்கள் பாப் பின்னணிப் பாடகர்கள் இல்லை. மத்ரிகலிஸ்தி தி மிலானோ என்ற, பழைய பல்குரல் இசை பாடும் குழு. தலைப்பும் ஒரு குறும்புதான். கிராமபோன் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் அந்த ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் முத்திரைக்கு இத்தாலியில் இருந்த பெயர் இது. இ.எம்.ஐ.யின் பழைய முத்திரைப் பெயரையே எடுத்து, இ.எம்.ஐ. வெளியிடும் ஆல்பத்துக்குச் சூட்டியிருக்கிறார்.

இதைச் செய்தவர் பாப் உலகத்திலிருந்து நேராக வந்தவர் இல்லை என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில். 1945இல் சிசிலியின் கிழக்குக் கரையில், எட்னா எரிமலைக்குக் கீழே உள்ள கடலோர ஊரில் பிறந்தவர் பாட்டியாத்தோ. அறுபதுகளில் மிலானுக்குப் போய்ப் பாட்டுப் பாடி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. 1972இல் வந்த ‘ஃபேத்துஸ்’ ஆல்பத்தில் வி.சி.எஸ். 3 என்ற ஆரம்பகால சிந்தசைசரை வைத்துக்கொண்டு இத்தாலியில் அப்போது யாரும் கேட்டிராத சத்தங்களை எழுப்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆல்பமாகப் பாட்டு குறைந்துகொண்டே போனது. 1978இல் வந்த ‘எகிப்து, மணலுக்கு முன்’ என்ற இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பியானோவில் ஒரே ஓட்டம், அப்புறம் மௌனம், மறுபடி அதே ஓட்டம். அதற்கு ஜெர்மன் சோதனை இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் பெயரிலான பரிசு கிடைத்தது. பொறுமையைச் சோதிக்கும் இசைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஸ்வரக் கூட்டத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் காது என்ன செய்யும், எந்த இடத்தில் ஏங்கும் என்பதை அவர் படித்தது அங்கேதான். மூன்றே வருடத்தில் அந்தப் படிப்பைப் பாப்புக்குக் கொண்டுவந்தார்.

ஜூஸ்தோ பியோவை யாரும் சரியாகப் பேசுவதில்லை. 1926இல் பிறந்தவர், பாட்டியாத்தோவைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். மிலானில் இத்தாலிய வானொலியின் சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டியாத்தோ அவரிடம் வயலின் கற்கப் போனார். போன இடத்தில் கூட்டணி அமைந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய ஒரு அரசு வானொலி வயலின்காரர் நாட்டின் பெரிய பாப் வெற்றிகளுக்கு இணை இசையமைப்பாளர் ஆனார். இந்த ஆல்பம் வந்த அதே 1981இல் சான்ரேமோ பாட்டுப் போட்டியில் வென்ற ‘பெர் எலீசா’, அலீச்சே பாடியது, இந்த இருவரும் அலீச்சேவும் சேர்ந்து எழுதியது. அடுத்த ஆண்டுக் கோடையில் கடற்கரையெல்லாம் ஒலித்த ஜூனி ரூஸ்ஸோவின் ‘உனெஸ்தாத்தே அல் மாரே’யும் இவர்கள் கைவேலைதான்.

இனி நியூ வேவ் விஷயம். பிறப்பைப் பார்த்தால் இது நியூ வேவ் இல்லை. அந்தக் காலத்து இத்தாலிய நியூ வேவ் பங்க்கின் அடுத்த கட்டமாக, இளைஞர்களின் சின்னச் சின்னக் குழுக்களிலிருந்து வந்தது. பொலோன்யாவில் கஸ்னெவாதா, ஃப்ளோரன்ஸில் தியாஃப்ராம்மா, லித்ஃபீபா. மிலான் பக்கம் கர்போ, 1981இலேயே ‘ஆ பெர்லினோ... வா பேனே’ என்று பெர்லின் குளிரை இத்தாலியில் பாடிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு முன்மாதிரி இங்கிலாந்தும் ஜெர்மனியும். பாட்டியாத்தோவுக்கு அப்போது முப்பத்தாறு வயது; பங்க்கோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் காதுக்கு வருவது என்னவோ நியூ வேவின் உடைதான். டிரம்ஸ் அலங்காரம் இல்லாமல் நேராகப் போகிறது. சிந்தசைசர் பின்னணியில் பூசப்படாமல் முன்னால் வந்து மெட்டைப் பிடிக்கிறது. குரலில் இத்தாலியப் பாடகர்களுக்கே உரிய அந்த உருக்கம், அதிர்வு எதுவும் கிடையாது. மெலிந்த, சற்று மூக்கில் ஒலிக்கும் குரலில் ஒரு செய்தியை வாசிப்பது போலச் சொல்லிப் போகிறார். கண்ணீரை விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டு மரபில் இந்த வறட்சி எவ்வளவு புதிதாக இருந்திருக்கும் என்பதை அதே ஆண்டின் மற்ற சான்ரேமோ பாட்டுகளை நாலு கேட்டாலே உணரலாம்.

இதில் வேடிக்கை, ஆல்பத்திலேயே அவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். ‘சென்த்ரோ தி கிராவித்தா பெர்மனேன்த்தே’, அதாவது நிலையான ஈர்ப்பு மையம் என்ற பாட்டில், தன்னால் சகிக்க முடியாதவை என்று ஒரு பட்டியல் போடுகிறார்: ரஷ்யக் கோரஸ், போலி ராக், இத்தாலிய நியூ வேவ், இங்கிலாந்தின் ஃப்ரீ ஜாஸ் பங்க். இத்தாலிய நியூ வேவைச் சகிக்க முடியாது என்று அவர் பாடும்போது கீழே ஓடுகிற தாளம் அசல் நியூ வேவ் தாளம். ஆல்பங்களை வகைபிரித்துப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த வரியைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஆல்பத்தை அதே பிரிவில் வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் கணக்கில் இது நியூ வேவ் சட்டை போட்ட பாப். சட்டையைத் தைத்தவர்கள் சிம்பொனி வயலின்காரரும் சோதனை இசைக்காரரும்.

அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்வோம், நீங்கள் உளறல் என்று சொன்னதில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அரிசித்தாளும் மூங்கிலும் சேர்ந்த குடையோடு ஒரு பிரெட்டன் (பிரான்சின் பிரிட்டனி பகுதி) கிழவி. துணிச்சலான கப்பல் தலைவர்கள். தந்திரக்காரக் கடத்தல்காரர்கள். அதற்கடுத்து, மிங் பேரரசர்களின் அரசவைக்குள் நுழைய பௌத்தத் துறவி வேடம் போட்ட, யூக்ளிட் வழிவந்த ஏசு சபைக்காரர்கள். கடைசியது கற்பனை இல்லை, வரலாறு. மத்தேயோ ரிச்சி, இத்தாலியின் மச்செராத்தாவில் பிறந்தவர், 1583இல் மிக்கேலே ரூஜ்ஜேரியுடன் சீனாவுக்குள் போனார். இருவரும் தலையை மழித்து பௌத்தத் துறவி உடையில்தான் இருந்தார்கள். யூக்ளிடின் வடிவியல் நூலில் முதல் ஆறு பாகங்களை ரிச்சியும் சீன அறிஞர் ஷூ குவாங்சியும் சேர்ந்து 1607இல் சீன மொழிக்குக் கொண்டுவந்தார்கள். நமக்கு இது இன்னும் எளிதில் பிடிபட வேண்டும்: அதே சபை, ஏறக்குறைய அதே காலம், மதுரைக்கு வந்து காவி கட்டிக்கொண்ட ராபர்ட் டி நொபிலியும் இத்தாலியர்தான். ஒரு திருத்தம் மட்டும். ரிச்சி பெய்ஜிங்கில் நிலையாகக் குடியேறியது 1601இல். துறவி வேடத்தை அதற்கு முன்பே, 1595 வாக்கில், விட்டுவிட்டுக் கன்பூசிய அறிஞர் உடைக்கு மாறிவிட்டார். துறவி உடைக்கு மதிப்புக் குறைவு என்று கண்டுகொண்டதால் வந்த மாற்றம் அது. பாட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. பாப் பாட்டில் இவ்வளவு துல்லியம் இருப்பதே அதிகம் என்பேன்.

ஆனால் வரிகளுக்கு இப்படி ஒவ்வொன்றாக உரை எழுதுவது பாட்டைப் புரிந்துகொள்ளும் வழி இல்லை. சரணத்தையும் பல்லவியையும் சேர்த்து வைத்துக் கேட்க வேண்டும். சரணத்தில் உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் காட்சிகள் சிதறி விழுகின்றன, மெட்டும் இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள் பேச்சு போல நடக்கிறது. பல்லவி வந்ததும் மெட்டு சட்டென்று விரிந்து யாரும் கூடப் பாடும்படி ஆகிறது. அங்கே அவர் கேட்பது ஒரே ஒன்று: விஷயங்களைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டே இருக்க விடாத ஒரு நிலையான மையம் வேண்டும். சரணம் சிதறினால்தான் பல்லவியில் மையம் தேடுவதற்கு அர்த்தம் இருக்கும். இந்த ‘நிலையான ஈர்ப்பு மையம்’ குர்ஜீஃபின் சொல்லாட்சி. ஆர்மீனியாவில் பிறந்து பாரிஸ் அருகே பள்ளி நடத்திய அந்த ஆன்மிக ஆசிரியரின் போதனைகளை அவர் மாணவர் உஸ்பென்ஸ்கி எழுதி வைத்து 1949இல் வந்த நூலில் அது இருக்கிறது. சாதாரண மனிதனுக்குள் நிலையான ஒரு ‘நான்’ கிடையாது, நிமிஷத்துக்கு ஒரு ‘நான்’ வந்து ஆள்கிறது, உழைத்தால்தான் மையம் உருவாகும் என்பது அந்தப் போதனை. பாட்டியாத்தோ குர்ஜீஃபைப் படித்தவர், அதை வெளிப்படையாகப் பேசியவர். இதில் ஊகம் இல்லை. ஊகம் எங்கே தொடங்குகிறது என்றால், ஆல்பம் முழுவதும் ஒரு ரகசிய உபதேசம், ஏழு பாட்டு ஏழு படி என்று சிலர் விளக்கும்போது. அதற்கு நான் எந்தச் சான்றும் கண்டதில்லை. மையம் வேண்டும் என்று உருகிய கையோடு எனக்கு இது பிடிக்காது, அது பிடிக்காது என்று அபிப்பிராயங்களை அடுக்குகிற ஆள் உபதேசம் செய்யவில்லை, தன்னையே கிண்டல் செய்துகொள்கிறார்.

‘பந்தியேரா பியாங்கா’, வெள்ளைக் கொடி, வேறு ரகம். அது கோபப் பாட்டு. பணம், முட்டாள்தனமான டிவி நிகழ்ச்சிகள், அதிகார துஷ்பிரயோகம், நாட்டில் உலவும் கேவலமான ஆட்கள் எல்லாரையும் வரிசையாகச் சாத்துகிறார். நடுவில் பீத்தோவனையும் சினாட்ராவையும்விடச் சாலட் மேல், விவால்டியைவிட உலர் திராட்சையில் கலோரி அதிகம் என்கிறார். நீங்கள் கேட்ட உலர் திராட்சை இதுதான். தொடக்கத்தில் பாப் டிலனின் இரண்டு பாட்டுகளைத் தொட்டுக் கேலி, நடுவில் அதோர்னோவின் தத்துவ நூல் தலைப்பைத் திருகி ஒரு சிலேடை, முடிவில் டோர்ஸ் குழுவின் புகழ்பெற்ற ஒரு வரி. ஆனால் பாட்டின் அச்சாணி, கோரஸ் திரும்பத் திரும்பப் பாடும் ‘பாலத்தில் வெள்ளைக் கொடி பறக்கிறது’ என்ற வரி. அது அர்னால்தோ ஃபுசினாத்தோ 1849 ஆகஸ்டில் எழுதிய கவிதையிலிருந்து எடுத்தது. ஆஸ்திரியப் படை முற்றுகையிட்டிருந்த வெனிஸில் காலரா பரவி, ரொட்டி தீர்ந்து, நகரம் சரணடைந்த கட்டம். நோய் வெறிகொண்டு பரவுகிறது, சாப்பிட ரொட்டி இல்லை, பாலத்தில் வெள்ளைக் கொடி என்பது கவிதை. இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தது. நம்மில் ஒருவர் டிஸ்கோ தாளத்தின் மேல் ‘என்று தணியும் இந்தச் சுதந்திர தாகம்’ என்று பாடினால் கேட்கிற அத்தனை பேருக்கும் உள்ளே எது அசையுமோ, அது அங்கே அசைந்தது. மொழிபெயர்ப்புச் செயலிக்கு இது தெரியாது.

அந்த வரி 1981இல் ஏன் அப்படித் தைத்தது என்பதற்கு நாட்டு நிலவரம் தெரிய வேண்டும். 1978இல் முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவைச் சிவப்புப் படையினர் என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழு கடத்திக் கொன்றது. 1980 ஆகஸ்டில் பொலோன்யா ரயில் நிலையத்தில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். 1981 மார்ச்சில் பி-2 என்ற ரகசிய அமைப்பின் உறுப்பினர் பட்டியல் கிடைத்தபோது அமைச்சர்கள், ராணுவ அதிகாரிகள், பத்திரிகை முதலாளிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பத்து வருடம் அரசியல் பாட்டு கேட்டு வளர்ந்த தலைமுறை களைத்துப்போய் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பிரச்சாரமும் வேண்டாம், வெறும் காதல் பாட்டும் வேண்டாம். நக்கலடித்துக்கொண்டே சரணடைகிற பாட்டு ஒன்று வந்தது. இது என் வாசிப்பு; எண்களை வைத்து நிரூபிக்கக்கூடியது இல்லை.

‘குக்குருக்குக்கூ’ பற்றி ஒரு சொல். பல்லவி தொமாஸ் மெந்தெஸின் பழைய மெக்சிகன் புறாப் பாட்டு. சரணம் ஹோமரின் ‘இலியட்’ காவியத்தின் முதல் வரியைத் தூக்கி ஆப்கன் அகதிகளின் சினத்தில் போடுகிறது (சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை). கடைசியில் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், டிலன் என்று ஆங்கிலப் பாட்டுகளின் தலைப்புகளையும் வரிகளையும் கோத்து ஒரு சரணம். பள்ளிக்கூட நாள் நினைவும் உலகச் செய்தியும் ரேடியோவும் ஒரே தலைக்குள் கலந்து ஓடுவது இப்படித்தான் இருக்கும். ‘செல்லி ஊச்செல்லி’, பறவைகள் பாட்டில் இந்தக் குறும்பு எதுவும் இல்லை. பறவைகளின் பறப்பில் உள்ள கணிதத்தை அப்படியே வியந்து நிற்கிறது. ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். தந்தி வாத்திய எழுத்தில் பியோவின் கை தெரிகிறது. ‘செஞ்ஞாலி தி வீத்தா’ அழகான பாட்டு, ஆனால் கொஞ்சம் இழுக்கிறது.

கடைசிப் பாட்டான ‘சென்திமியேந்தோ நுவேவோ’வில் தாந்திரிக சைவம் என்ற சொல் வரும், டயோனிசஸ் (கிரேக்கர்களின் மதுக் கடவுள்) பாணியில் என்ற அடைமொழியோடு. தமிழ் காதுக்குத் தூக்கிவாரிப் போடும். இங்கே என் ஊகம் ஒன்று. அலென் தானியேலூ என்ற பிரெஞ்சு அறிஞர் 1979இல் சிவனையும் டயோனிசஸையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். இரண்டு பெயரும் ஒரே வரியில் அருகருகே நிற்பதைப் பார்த்தால் அந்த நூல் பாட்டியாத்தோவின் கைக்கு வந்திருக்கும் என்றே தோன்றுகிறது. தானியேலூ நமக்கு அந்நியர் இல்லை. சென்னை அடையாறு நூலகத்தில் வேலை பார்த்தவர், சிலப்பதிகாரத்தை மொழிபெயர்த்தவர். ஆனால் பாட்டு காமத்தையும் மொழியையும் பற்றியது, சைவ சித்தாந்தத்தைத் தேடி அதற்குள் போக வேண்டாம்.

விற்பனை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பத்து லட்சம் பிரதியைத் தாண்டிய முதல் இத்தாலிய எல்.பி. என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். 1982இல் மாதக்கணக்கில் பட்டியலின் உச்சியில் இருந்தது உண்மை. பத்து லட்சம் என்பதை நம்புவதில் எனக்குத் தடையில்லை. ‘முதல்’ என்ற பட்டத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தே படிப்பேன், அந்தக் கால விற்பனைக் கணக்குகள் பெரும்பாலும் கம்பெனிகள் தாமே சொன்னவை. அதேபோல, பணம் பண்ண வேண்டும் என்று ஒருநாள் முடிவெடுத்து ஒரே அடியில் ஹிட் கொடுத்தார் என்ற கதையும் சுற்றுகிறது. வணிக வெற்றியைத் திட்டமிட்டே தேடினார் என்பது சரிதான். ஒரே அடி என்பதுதான் பொருந்தவில்லை. 1979இல் ‘லேரா தெல் சிங்கியாலே பியாங்கோ’, 1980இல் ‘பேட்ரியட்ஸ்’, பிறகுதான் இது. முதலாவதில் வயலின் முன்னால் நிற்கிறது, ராக் வாசனை அதிகம். இரண்டாவதில் கீபோர்டு மேலே வருகிறது. மூன்றாவதில் தேவையில்லாத எல்லாவற்றையும் உரித்து எடுத்தாயிற்று. வரிசையாகக் கேட்டால் ஒரு சூத்திரம் மூன்று வரைவுகளில் முடிவுக்கு வருவது காதுக்கே தெரியும்.

எனவே அடுத்து என்ன கேட்பது என்றால், ‘பேட்ரியட்ஸ்’ கேளுங்கள், குறிப்பாக ‘ப்ரொஸ்பெத்தீவா நேவ்ஸ்கி’. அதே அணி வேறொரு குரலோடு என்ன செய்யும் என்று பார்க்க ஜூனி ரூஸ்ஸோவின் ‘எனர்ஜியே’, அதுவும் 1981தான். குரல் வீச்சில் பாட்டியாத்தோவை அவர் எளிதாகத் தாண்டிவிடுவார். பாப்பும் சிந்தசைசரும் சரிபாதியாகக் கலந்தது வேண்டும் என்றால் மாத்தியா பஸாரின் ‘டேங்கோ’, 1983. உங்களுக்கு வேண்டியது நிஜமான நியூ வேவ், முனை மழுங்காதது என்றால் கஸ்னெவாதாவின் ‘சிக் சவுண்ட்டிராக்’, 1980, அப்புறம் தியாஃப்ராம்மாவின் ‘சிபேரியா’, 1984. இவை இரண்டையும் கேட்டுவிட்டுப் பாட்டியாத்தோவுக்குத் திரும்பினால், அவரை எந்தப் பிரிவில் வைப்பது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.